வெளிப்பக்கக் கண்ணாடி

அவளை வேலைக்கு எடுத்தவர்கள் முதலில் பார்த்தது அவள் உயரத்தைத்தான். ஏஜென்சிக்காரர்கள் அனுப்பிய படத்தில் ஒரு வாசற்படியில் நின்றிருந்தாள். தலை நிலைச்சட்டத்தில் இடிக்காதது ஒன்றுதான் குறை. "இவளுக்கு ஸ்டூலே வேண்டாம். மேல் அலமாரி, ஃபேன் எல்லாம் நின்ன இடத்துலயே துடைச்சிடுவா" என்று பல் டாக்டரம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஆறு வருஷமாக அந்தக் குடியிருப்பில் அவளுக்கு நெட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதே வேலைக்குக் கடல் தாண்டி வந்த மற்ற பெண்களுக்கு அவள் நெட்டையக்கா.

மூன்றாம் மாடியில் டாக்டரம்மாவின் சமையலறை சன்னலுக்கு நேர் எதிரே, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, அதே குடியிருப்பின் அடுத்த கட்டடத்து வீட்டின் கூடத்துச் சன்னல் இருந்தது. அந்த வீட்டில் வேலை செய்தவள் வாயாடி. வந்து பதினாலு மாசம்தான் ஆகியிருந்தது. ஊர் வேறு என்றாலும் இருவருக்கும் பேச்சு ஒன்று. வாயாடி சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. தரை துடைக்கும்போது பேசுவாள், துணி மடிக்கும்போது பேசுவாள், கேட்க ஆளில்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டியோடு பேசுவாள்.

"அக்கா, எங்க மேடம் நேத்து என்னைப் பார்த்து சிரிச்சாங்க. ஏதோ பெரிய வேலை வருதுன்னு அர்த்தம்" என்று சன்னல் வழியாகக் கத்துவாள்.

"மெதுவா பேசுடி, உள்ள இருக்கப் போறாங்க."

"குளிக்கிறாங்க. இன்னும் இருபது நிமிஷம் நான்தான் இந்த வீட்டு ராணி."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். நெட்டை தொட்டியில் கீரையை அலசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்குச் சாயங்காலம் விருந்தாளிகள் வருவதாக வாயாடி முந்தின நாளே சொல்லியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது, வாயாடி சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு சாண் அகலம்கூட இல்லாத சிமெண்டு விளிம்பில் இரண்டு பாதங்களும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. ஒரு கை சட்டத்தைப் பிடித்திருந்தது, மறு கையில் ரப்பர் துடைப்பான். இடுப்பில் நீலப் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதன் நீண்ட முனை திறந்த கதவு வழியாக உள்ளே போயிற்று. உள்ளே எதிர்வீட்டம்மா அந்த முனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியின் மேல் மூலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கறை போகவில்லை போலிருக்கிறது.

நெட்டை கீரையை அப்படியே தொட்டியில் போட்டாள். கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளே என்ற பயத்தில் குரலை விழுங்கிக்கொண்டாள்.

உள்ளே போன் அடித்தது. எதிர்வீட்டம்மா திரும்பினாள். கையிலிருந்த விரிப்பை விட்டுவிட்டு மேசைப் பக்கம் போனாள். அதே நேரம், விரிப்பு தாங்கும் என்று நம்பி, அந்த மூலைக்காக வாயாடி பின்னால் சாய்ந்தாள்.

ஒரு சத்தமும் போடாமல் விழுந்தாள். ஓயாத வாய் அந்த ஒரு நொடி ஓய்ந்துபோயிருந்தது.

நெட்டை ஈரக் கையோடு இரண்டு மாடி இறங்கி ஓடினாள். வாயாடி விழுந்தது கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருந்த சிமெண்டு கூரையில். முதல் மாடி நடைபாதைச் சன்னல் வழியாக அதில் ஏற முடியும்; நெட்டை ஒரே எட்டில் ஏறினாள். வாயாடிக்கு மூச்சு இருந்தது. ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, இடுப்பிலிருந்த விரிப்பை அவிழ்க்கப் பார்த்தார்கள். முடிச்சு முதுகுப் பக்கம் இறுகிக் கிடந்ததால் கத்தரியால் வெட்டினார்கள். அதுவரை நெட்டை அவள் கையை விடவில்லை.

சாயங்காலத்துக்குள் வேறொரு கதை கட்டடம் முழுக்கச் சுற்றிவிட்டது. காவலாளி சொன்னான், மாடிப்படி பெருக்குகிறவள் சொன்னாள், லிஃப்டில் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள்: அந்தப் பெண் சொல்பேச்சு கேட்காதவளாம். போனில் பேசிக்கொண்டே தானாகச் சன்னலில் ஏறினாளாம். அந்தம்மா வேண்டாம் வேண்டாம் என்று கத்தினாளாம். மறுநாள் லிஃப்டுக்குப் பக்கத்தில் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'வீட்டுப் பணியாளர்கள் தன்னிச்சையாகச் சன்னல்களில் ஏறக் கூடாது.' கீழே சங்கத் தலைவரின் கையெழுத்து. அவர் எதிர்வீட்டம்மாவின் கணவர்.

நெட்டை அதை இரண்டு முறை படித்தாள். போனில் பேசிக்கொண்டே ஏறினாளாமே! வாயாடியின் போன் பகல் முழுக்க எதிர்வீட்டம்மாவின் மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கும் என்பது இவளுக்குத் தெரியாதா? ராத்திரி எட்டு மணிக்குத்தான் கைக்கு வரும். "என் போனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி சிறை அக்கா, ஆனா அதுக்கு எட்டு மணிக்கு விடுதலை" என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வியாழக்கிழமை டாக்டரம்மா கிளினிக்குக்குப் போனதும், காய்கறி வாங்கப் போகிறேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு நெட்டை இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். எட்டுக் கட்டில் போட்ட வார்டில் கடைசிக் கட்டில். இடுப்பு முதல் முழங்கால் வரை கட்டு. வாயாடி இவளைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை.

"என்னடி, அக்காவைத் தெரியலையா?"

"சனிக்கிழமை அனுப்பறாங்க அக்கா."

"எங்க அனுப்பறாங்க?"

"ஊருக்கு. ஏஜென்ட் வந்தாரு. டிக்கெட் போட்டாச்சாம். சக்கர நாற்காலியில வச்சு ஏத்திடுவாங்களாம்."

"இடுப்பு உடைஞ்சு கிடக்கிறவளையா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாரு. இல்லைன்னா கால் குட்டையாயிடுமாம். ஏஜென்ட் அதை ஊர்ல பார்த்துக்கலாம்னு சொல்றாரு. எங்க ஊர்ல காய்ச்சலுக்கே நாலு மணி நேரம் போகணும்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாரு. அவங்க பாஷையில இருந்துச்சு. மருந்து மயக்கம் வேற. போட்டுட்டேன்."

அந்தப் பேப்பரில் என்ன இருந்திருக்கும் என்று நெட்டைக்குச் சொல்லாமலே புரிந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததுதான் அதிலும் இருந்திருக்கும்.

"நான் பார்த்தேன்டி. முழுக்கப் பார்த்தேன்."

"பார்த்து என்னக்கா செய்ய? உங்களையும் அனுப்பிடுவாங்க."

நெட்டை தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள், தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். புறப்படும்போது, "சனிக்கிழமைக்கு இன்னும் முழுசா ஒரு நாள் இருக்கு" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஊருக்கு போன் போட்டாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் மகளை வளர்ப்பது கணவனின் அக்காதான். கண்டிப்பான மனுஷி. வம்பு தும்பு என்றால் ஆகவே ஆகாது. அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம் என்று நெட்டையின் மனசில் ஒரு மூலை கணக்குப் போட்டிருந்தது. அதை அவளே பின்னால் ஒப்புக்கொண்டாள்.

"அண்ணி, தொழிலாளர் ஆபீசுக்குப் போய் சாட்சி சொல்லலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேலை போயிடாதா?"

"போனாலும் போகும்."

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? நம்ம வீட்டுப் பிள்ளை படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"தெரியும் அண்ணி."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணி கேட்டாள்: "உன்னையும் அப்படி சன்னலுக்கு வெளியே நிக்க வச்சாங்களா?"

"நிக்கலை. நான் உயரம் இல்லையா, விளிம்புல உக்காந்தாலே எட்டும். மாசத்துக்கு ரெண்டு தடவை. ஆறு வருஷமா."

"எங்ககிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே."

"சொன்னா நீங்க தூங்குவீங்களா?"

"இனிமே மட்டும் தூங்கவா?" அண்ணியின் குரல் உடைந்தது. உடனே கடுமையாயிற்று. "போ. போய்ச் சொல்லு. உன் பொண்ணை நான் பார்த்துக்கிறேன். பயந்து பயந்து பேசாத, நிமிர்ந்து நின்னு சொல்லு. அவ்வளவு உயரத்தை வேற எதுக்கு வச்சிருக்க?"

அன்று மாலை டாக்டரம்மா செருப்பைக் கழற்றும் முன்பே நெட்டை போய் எதிரில் நின்றாள்.

"மேடம், நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

"ஞாயிற்றுக்கிழமைதானே உன் லீவு?"

"ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இருக்காது. தொழிலாளர் ஆபீசுக்குப் போறேன். கீரை அலசிட்டு இருந்தப்போ எதிர்வீட்டுல நடந்ததை நான் பார்த்தேன்."

டாக்டரம்மா சோபாவில் உட்கார்ந்தாள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. நெட்டைக்குப் பல்வலி வந்தபோது தன் கிளினிக்கிலேயே வைத்துப் பார்த்தவள். சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. ஆனால் சண்டை என்றால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

"இந்தக் கட்டடத்துல நாங்க இருக்கணும். அவர் சங்கத் தலைவர், தெரியும்ல? பார்க்கிங், தண்ணி எல்லாத்துக்கும் அவர்கிட்டதான் போகணும்."

"தெரியும் மேடம்."

"நீ சரியாப் பார்த்திருக்கவே முடியாது. கீரை அலசிட்டு இருந்தேன்னு நீயே சொல்ற."

"விரிப்போட ஒரு முனையை அவங்க பிடிச்சிருந்தாங்க. போன் அடிச்சதும் விட்டுட்டாங்க."

டாக்டரம்மா கண்களை மூடிக்கொண்டாள். "என்னால உனக்கு லீவு தர முடியாது."

"காலைல சமையல் முடிச்சு வச்சுட்டு எட்டரைக்குக் கிளம்பறேன்" என்றாள் நெட்டை. "என் பாஸ்போர்ட் உங்க பீரோவுல இருக்கு. அங்க கேட்டா, அது எங்க இருக்குன்னு சொல்ல வேண்டி வரும். அதனால இப்பவே கேட்டுக்கிறேன்."

அதட்டலோ கெஞ்சலோ இல்லாமல், பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள். டாக்டரம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் பாஸ்போர்ட் சமையலறை மேடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. டாக்டரம்மா கண்ணில் படவே இல்லை.

தொழிலாளர் ஆபீசில் நெட்டைக்குக் கிடைத்த டோக்கன் எண் தொண்ணூற்றிரண்டு. திரையில் ஓடிக்கொண்டிருந்தது முப்பத்தி நாலு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் கட்டட வேலை செய்கிறவர்கள், கப்பல் பட்டறை ஆட்கள், கையில் கட்டுப் போட்ட ஒருவர். எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதில் மடித்து மடித்துக் கிழிந்த காகிதங்கள். நெட்டையிடம் காகிதம் எதுவும் இல்லை. கண்ணால் பார்த்தது மட்டும்தான் இருந்தது. பசி வந்தது, போனது. எழுந்து போனால் எண் தவறிவிடும் என்று தண்ணீர் குடிக்கக்கூட அவள் எழவில்லை.

இரண்டு மணிக்கு அவள் எண் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்த ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாத மனிதர், கண்ணெல்லாம் கடிகாரத்தில். வாக்குமூலத்தை அவரவர் தாய்மொழியில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி.

நெட்டை சொன்னாள். செவ்வாய்க்கிழமை, பத்து மணி, விளிம்பின் அகலம், பாதங்கள் திரும்பியிருந்த விதம், விரிப்பு, அதன் முனை, மேல் மூலையைக் காட்டிய கை, போன் சத்தம் என்று ஒன்றையும் விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் தலையாட்டிக் கேட்டுவிட்டு அதிகாரியிடம் திரும்பி அந்த நாட்டு மொழியில் சொன்னார்: "தோழி சன்னல் துடைக்கும்போது தவறி விழுந்ததை இவர் பார்த்திருக்கிறார்."

அதிகாரி எழுதப் போனாள்.

"எழுதாதீங்க மேடம்" என்றாள் நெட்டை, அதே அந்த நாட்டு மொழியில். ஆறு வருஷம் சந்தையிலும் லிஃப்டிலும் கற்ற மொழி. இலக்கணம் கொஞ்சம் நொண்டும், ஆனால் போய்ச் சேரும். "நான் சொன்னது அது இல்லை." பிறகு மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள். "சார், நான் கால் மணி நேரம் பேசினேன். நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க. மீதியை எங்க வச்சிருக்கீங்க?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளரின் காது சிவந்தது. "சுருக்கமாச் சொன்னேன்மா."

"சுருக்க வேண்டாம் சார். ஒவ்வொரு வரியா நான் சொல்றேன், ஒவ்வொரு வரியா நீங்க சொல்லுங்க. எனக்குப் புரியும், நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை மனிதர் ஒழுங்காகச் சொன்னார். போகப் போக அவருக்கே வேகம் வந்துவிட்டது.

"விரிப்பை அந்தப் பெண்ணே பாதுகாப்புக்காகக் கட்டியிருக்கலாமே?" என்று அதிகாரி கேட்டாள்.

"முடிச்சு முதுகுப் பக்கம் இருந்துச்சு மேடம். ஆம்புலன்ஸ்காரங்க அவிழ்க்க முடியாம கத்தரியால வெட்டினாங்க. அவங்களைக் கேளுங்க. அவ்வளவு இறுக்கமா தன் முதுகுல யாரால முடிச்சுப் போட முடியும்?"

"போனில் பேசிக்கொண்டிருந்ததாக முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார்."

"அவ போன் பகல்ல அந்தம்மா மேசை டிராயர்ல பூட்டியிருக்கும். பத்து மணிக்கு அதுல ஏதாவது பேச்சு நடந்திருக்கான்னு பாருங்க."

அதிகாரி எழுதினாள். நிறைய எழுதினாள். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு நெட்டையை நேராகப் பார்த்தாள். "நீங்க வேலை செய்யற வீட்டுல? அங்கயும் வெளிப்பக்கம் துடைக்கச் சொல்றாங்களா?"

இந்தக் கேள்வியை நெட்டை எதிர்பார்க்கவில்லை. எதிர்வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் வந்தாள். டாக்டரம்மா தன் பல்லைப் பார்த்ததும், காலையில் பாஸ்போர்ட்டை மேடையில் வைத்துவிட்டுப் போனதும் கண்முன் வந்தன. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிப் போக ஒரு வீடு இருக்கும். மொழிபெயர்ப்பாளர்கூட 'யோசித்துச் சொல்லுங்கள்' என்பதுபோல் பார்த்தார்.

"சொல்றாங்க" என்றாள். "விளிம்புல உக்காந்து துடைப்பேன். இங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான் மேடம். விழுந்தவ ஒருத்தி. விழாம இருக்கிறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க."

அதிகாரி அந்த அறையிலிருந்தே இரண்டு இடத்துக்கு போன் செய்தாள். விசாரணை முடியும்வரை, சிகிச்சை முடியும்வரை, அந்தப் பெண்ணை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று உத்தரவு ஒன்று அச்சாகி வந்தது. நெட்டை அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு வேளை ஏஜென்ட் 'எனக்கு எதுவும் வரவில்லை' என்று கைவிரித்தால்? நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டு நர்சிடம் ஒரு நகலைக் கொடுத்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் சொருக வைத்தாள். மறுநாள் காலை ஏஜென்ட் சக்கர நாற்காலியோடு வந்து அதைப் படித்துவிட்டு, வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரும்பினானாம்.

வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பியபோது டாக்டரம்மா கூடத்தில் காத்திருந்தாள்.

"என்னைப் பத்தியும் சொன்னியா?"

"கேட்டாங்க மேடம். சொன்னேன்."

டாக்டரம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ விழுந்துடுவேன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்லை" என்றாள்.

"அவங்களும் நினைச்சிருக்க மாட்டாங்க மேடம்."

தொழிலாளர் ஆபீசிலிருந்து டாக்டரம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் நெட்டையோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஒப்பந்தம் முடிய மூன்று மாசம் இருந்தது. புதுப்பிக்கப் போவதில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள். நெட்டைக்கு வலித்தது. சமையலறையில் போய்க் கொஞ்சம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வேறு வீட்டில் வேலை தேடிக்கொள்ளச் சம்மதக் கடிதமும் வேண்டும் என்று கேட்டாள். அதை டாக்டரம்மா மறுக்கவில்லை.

இதற்கிடையில் நெட்டையே எதிர்பாராத ஒன்று நடந்தது. உத்தரவு வந்த செய்தி குப்பை கொட்டுமிடம் வழியாகவும் துணி உலர்த்தும் மொட்டைமாடி வழியாகவும் பரவியிருந்தது. எட்டாம் மாடியில் வேலை செய்த பாட்டுக்காரி, நெட்டையைக் கண்டாலே பயந்து ஒதுங்கிக்கொண்டிருந்தவள், மொட்டைமாடியில் அவளை நிறுத்திக் காதோடு கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு எங்க வீட்டுல சன்னல் துடைக்கிற நாள். என்ன சொல்லட்டும்?"

"உள்பக்கம் துடைக்கிறேன், வெளிப்பக்கம் மாட்டேன்னு சொல்லு."

"அவ்வளவுதானா? காரணம் கேட்டா?"

"காரணம் ஆஸ்பத்திரியில படுத்திருக்குன்னு சொல்லு."

பாட்டுக்காரி அதை மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்த வாரம் பத்தொன்பது வீடுகளில் அதே ஒரு வாக்கியம் கேட்டது. சில வீடுகளில் கத்தினார்கள், ஒரு வீட்டில் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினார்கள். யாரும் ஏறவில்லை. சன்னல்களில் தூசி படிந்தது; மழை பெய்து அது சேறாகிக் கோடு கோடாக வடிந்தது. ஒன்றரை மாசத்துக்குப் பிறகு சங்கம் கூடி, இடுப்பில் பட்டையும் தலையில் கவசமும் அணிந்து கயிற்றில் இறங்கித் துடைக்கும் ஆட்களை வரவழைத்தது. அன்று பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டினார்கள். இந்த முறை கையெழுத்து புதுத் தலைவருடையது.

விசாரணை நான்கு மாசம் நடந்தது. முடிவு வாயாடியின் பக்கம் வந்தது. கையெழுத்து வாங்கிய காகிதம் செல்லாது என்றார்கள். எதிர்வீட்டம்மாவுக்கு இனி வேலைக்கு ஆள் வைக்கத் தடை விழுந்தது. இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. கால் முழுசாகச் சரியாகவில்லை, கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறாள். ஆனால் விசாரணை முடியும்வரை அவளைத் தங்கவைத்திருந்த விடுதியில், இந்தப் பெண் வாயை மூட ஏதாவது உத்தரவு கிடைக்குமா என்று மற்றவர்கள் கேட்க ஆரம்பித்ததாக நெட்டைக்குச் செய்தி வந்தது. அதைக் கேட்ட அன்று அவள் வயிறார இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

புது வேலைக்கான நேர்காணல் ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டில். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சமைப்பாயா, குழந்தையைப் பார்த்துக்கொள்வாயா, இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நின்றபடி பதில் சொன்னாள்.

"சரி. உனக்கு ஏதாவது கேக்கணுமா?" என்று மனைவி ஒப்புக்குக் கேட்டாள்.

"ஏழு விஷயம் கேக்கணும் மேடம்" என்றாள் நெட்டை. "எழுதிக் கொண்டு வந்திருக்கேன்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். சுற்றிப் பார்த்து, காலியாக இருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் கேள்வியைப் படித்தாள்.